பக்கத்து லேன்காரர் டைமிங்: மாஸ்டர்ஸ் நீச்சலில் சக வயதினரோடு ஒப்பிடுவது எப்படி?

பெரியவர்கள் வயதுப் பிரிவு வாரியாக நீந்தும் போட்டிதான் மாஸ்டர்ஸ் மீட். எந்த மாஸ்டர்ஸ் மீட்டுக்குப் போனாலும் ஒரு காட்சி மட்டும் மாறாது. ரிசல்ட் தாளைச் சுவரில் ஒட்டியதும், ஈரத் தலையும் இடுப்பில் துண்டுமாக ஒரு கூட்டம் அதை மொய்க்கும். மூக்குக் கண்ணாடியைப் பையில் விட்டுவந்த ஐம்பது வயதுக்காரர்கள் தாளை நெருங்கியும் விலகியும் படிப்பார்கள். விரல் முதலில் தன் பெயரைத் தேடும். அடுத்து மேலே ஏறும். "அவர் என்ன டைமிங் போட்டிருக்கார்?"

"உன்னோடு மட்டும் போட்டி போடு" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, அவர்களும் தாளில் அடுத்தவர் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள். ஒப்பிடுவதில் தப்பே இல்லை. ஒழுங்காக ஒப்பிட்டால், நம் வேகம் குளத்தின் எந்த இடத்தில் கசிகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். ஏனோதானோவென்று ஒப்பிட்டால் என் கதிதான்.

2021 கடைசியில் ஒரு மாவட்ட மீட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:14.50இல் முடித்தேன். என் வயதுப் பிரிவில் எப்போதும் முன்னால் நிற்கும் மதுரைக்காரர் ஒருவர் வேறொரு மீட்டில் 1:15.90 போட்டிருந்தார். ஆறு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த ஆண்டு இரண்டு பேரும் ஒரே குளத்தில் இறங்கினோம். ஓர் ஆள் நீளத்துக்கு மேல் முன்னால் போய்ச் சுவரைத் தொட்டார். துண்டை எடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க போட்டது இருபத்தஞ்சு மீட்டர் குளத்துலயா, சார்?" அவர் சிரித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் தேறிய முறைதான் இது.

படி 1: உங்கள் போட்டியாளர் யார், எத்தனை ஆண்டுக்கு?

மாஸ்டர்ஸ் என்றால் 25 வயதிலிருந்து தொடக்கம். 25–29, 30–34 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் 100 வயதையும் தாண்டிப் போகின்றன. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் வயதைக் கணக்கிடும் முறை. முன்பு ஃபினா என்று அழைக்கப்பட்ட வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31இல் உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. பிறந்த மாதத்துக்கு வேலையே இல்லை. போட்டி ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் போதும்.

இதற்கு ஜார்ஜ் கொரோனஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர். 2018 பிப்ரவரியில் கோல்ட் கோஸ்ட்டில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 56.12 விநாடியில் நீந்தி, 100–104 பிரிவின் உலகச் சாதனையை உடைத்தார். முந்தைய சாதனை 1:31.19. இதில் வேடிக்கை, அன்றைக்கு அவருக்கு வயது 99. நூறு நிறைய ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும். விதி அவரை ஜனவரி 1ஆம் தேதியே நூறு வயதுக்காரர் ஆக்கிவிட்டது.

இந்தக் கழித்தல் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கும் போட்டியாளருக்கும் பிறந்த ஆண்டில் எத்தனை வித்தியாசமோ, அதை ஐந்திலிருந்து கழியுங்கள். ஒவ்வொரு ஐந்து ஆண்டிலும் நீங்கள் ஒரே பிரிவில் இருக்கப்போவது அத்தனை ஆண்டுதான். மதுரைக்காரர் 1973, நான் 1976. வித்தியாசம் மூன்று, ஆகவே ஐந்தில் இரண்டே ஆண்டு. 45–49இல் 2021, 2022. அடுத்து 50–54இல் 2026, 2027. நடுவில் மூன்று ஆண்டு அவர் மேல் பிரிவில், நான் கீழே.

எனவே பெயர்ப் பட்டியலோடு பிறந்த ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரிவுக்குள் புதிதாக நுழைகிறவர்தான் அங்கே இளையவர், பெரும்பாலும் பதக்கமும் அவருக்கே. இந்த ஆண்டு நான்காவதாக வந்தீர்கள், மேலே இருந்த மூவரில் இருவர் ஜனவரியில் பிரிவு தாண்டுகிறார்கள் என்றால் அது வேறு கதை. 49 வயதில் கடைசி இடம் வந்ததற்காக மனம் நொந்து நீச்சலையே விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வருடம் பொறுத்திருக்கலாம், பாவம்.

படி 2: தாளைப் படம் எடுங்கள், முழுசாக

நம் ஊர் மீட்டுகளின் ரிசல்ட் பிறகு எங்கே போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒட்டிய உடனேயே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். உங்கள் பிரிவோடு மேல் பிரிவையும் கீழ்ப் பிரிவையும் சேர்த்து எடுங்கள். அடுத்த ஐந்து ஆண்டின் போட்டியாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாஸ்டர்ஸ் மீட்டுகளில் பெரும்பாலும் ஹீட்டுக்கு, அதாவது குழுக் குழுவாக நீந்தும் சுற்றுக்கு, பிறகு தனியாக ஃபைனல் கிடையாது. எல்லா ஹீட்டின் டைமிங்கையும் சேர்த்து வரிசைப்படுத்துவார்கள். லேன் நிரம்ப வேண்டும் என்பதற்காக வெவ்வேறு வயதினரை ஒரே ஹீட்டில் போடுவதும் உண்டு. பக்கத்து லேனில் நீங்கள் உயிரைக் கொடுத்து முந்திய ஆள் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். உங்கள் உண்மையான போட்டியாளர் இரண்டு ஹீட் தள்ளி, பெஞ்சில் வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பார். ஹீட்டில் முதலாவதாகத் தொட்டுவிட்டுக் கையை உயர்த்துவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஹீட் தாளில் பெயருக்கு எதிரே இருக்கும் என்ட்ரி டைமிங்கை ஒப்பீட்டுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது அவரவர் எழுதிக்கொடுத்தது. சிலர் ஆசையை எழுதுவார்கள், சிலர் வேண்டுமென்றே மெதுவான டைமிங்கை எழுதுவார்கள்.

நோட்டில் ஒரு வரிக்கு இவ்வளவு போதும்: தேதி, குளத்தின் நீளம், கை வாட்ச்சா (ஒருவர் கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச்) டச்பேடா (நீந்துபவர் தொட்டதும் தானே நேரம் பதியும் சுவர்ப் பலகை), பிரிவு, டைமிங், அன்று அவருக்கு அது எத்தனையாவது ஈவன்ட்.

படி 3: ஒரே குளமாக்குங்கள்

25 மீட்டர் குளத்தில் 100 நீந்தினால் மூன்று டர்ன், அதாவது சுவரில் மூன்று திருப்பம். 50 மீட்டர் குளத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம், கையால் நீந்தும் வேகத்தைவிட அதிகம். ஆகவே 25 மீட்டர் குளத்து டைமிங் எப்போதும் அழகாகத் தெரியும். நான் ஏமாந்தது இங்கேதான். 25 மீட்டர் குளத்தில் 1:14.50 போட்டவன் 50 மீட்டர் குளத்தில் போட்டது 1:17.20.

எத்தனை விநாடி கூட்டுவது? மாற்றித் தரும் கணிப்பான்கள் உண்டு. அவை எல்லோருக்கும் ஒரே டர்ன் என்று நினைத்துக்கொள்கின்றன. உதைப்பு நன்றாக உள்ளவருக்குப் பெரிய குளத்தில் இழப்பு அதிகம். என்னைப் போல, குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும் ஃப்ளிப் டர்னில் திணறுகிறவருக்குக் குறைவு. ஆகவே சொந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்: ஒரே மாதத்தில் இரண்டு குளத்திலும் ஒரே தூரத்தை முழு வேகத்தில் நீந்தி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியாளருடைய எண் உங்களுக்குத் தெரியாது; அவருடைய 25 மீட்டர் டைமிங்கை உங்கள் 25 மீட்டர் டைமிங்கோடு மட்டும் வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "நூறை 62 விநாடியில் போட்டேன்" என்றால் பதறாதீர்கள். அங்கே கஜக் குளம் வழக்கம். 100 கஜம் என்பது 91.44 மீட்டர்தான். 1.11ஆல் பெருக்கினால் 25 மீட்டர் குளத்துக் கணக்கு ஏறக்குறைய வரும்: 68.8. கஜக் குளப் போட்டிகளில் அங்கே வயதையும் வேறு மாதிரி பார்ப்பார்கள், மீட்டின் கடைசி நாளன்று என்ன வயதோ அது.

படி 4: கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம்?

33 விநாடியில் 50 மீட்டர் நீந்துகிறவர் ஒரு விநாடிக்கு ஒன்றரை மீட்டர் போகிறார். அந்தக் கணக்கில் 0.15 விநாடி என்பது ஒரு சாண், 0.30 என்பது ஒரு முழம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கை வாட்ச்சைப் பாருங்கள்.

பெரிய குளத்தில் 50 மீட்டர் போட்டி எதிர்முனையில் தொடங்கி, டைம் கீப்பர்கள் நிற்கும் முனையில் முடியும். ஸ்டார்ட் விளக்கைப் பார்த்துத்தான் வாட்ச்சை அமுக்க வேண்டும். ஒருவர் சத்தத்தைக் கேட்டு அமுக்கினால், ஒலி 50 மீட்டர் வந்து சேரவே ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். ஒரு சாண் அங்கேயே போச்சு. அப்புறம் விரல் அசைய ஆகும் நேரம். ஆனால் முடிக்கும்போது நீங்கள் வருவது கண்ணுக்குத் தெரியும், விரல் தயாராகக் காத்திருக்கும். தாமதமாகத் தொடங்கிச் சரியாக நிற்கும் வாட்ச் நமக்குச் சாதகமாகத்தான் பொய் சொல்லும். ஆகவே கை வாட்ச் டைமிங் டச்பேடைவிடக் கொஞ்சம் வேகமாகவே தெரியும்.

லேனுக்கு மூன்று வாட்ச் இருந்து மூன்றும் மூன்று எண் காட்டினால், நடு எண்ணை எடுப்பது விதி. 33.18, 33.31, 33.44 என்றால் 33.31. ஒரே நீச்சலுக்கு மூன்று பேர் கண்ணில் கால் விநாடி வித்தியாசம், பாருங்கள். என் வழக்கம் இது: இருவரில் ஒருவருக்கு கை வாட்ச், மற்றவருக்கு டச்பேட் என்றால் 0.3க்குக் குறைந்த வித்தியாசத்தைச் சமம் என்று எழுதிவிடுவேன். எனக்குச் சாதகமாக இருந்தாலும்தான்.

படி 5: அன்றைய சூழல்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். குதிக்கும் மேடையான பிளாக்கிலிருந்து டைவ் அடித்தாரா, தண்ணீரிலிருந்தே உதைத்துக் கிளம்பினாரா என்று பாருங்கள். மாஸ்டர்ஸில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. பிளாக்கில் பின்னங்காலுக்குச் சாய்ந்த பலகை இருந்ததா? பழைய குளங்களில் இருக்காது. பட்டர்ஃப்ளையில் இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்பின் கிக்கா, தவளை மாதிரி உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்கா? மாஸ்டர்ஸ் விதி இரண்டாவதையும் அனுமதிக்கிறது. முட்டி வலிக்காரர், முதுகு வலிக்காரர் அவரவருக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார்கள். அது போல, 2008, 2009 ஆண்டுகளின் பழைய சாதனைகளைப் பார்க்கும்போது அது வேகத்தைக் கூட்டிய பாலியூரிதேன் உடைகளின் காலம் என்று நினைவில் வையுங்கள். 2010 முதல் துணி உடைதான்.

மே மாதத்துச் சென்னைத் திறந்தவெளிக் குளத்தில், வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீரில், மத்தியானம் போட்ட 400 மீட்டர் டைமிங்கை எதோடும் ஒப்பிடாதீர்கள். போட்டிக் குளத்தின் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

படி 6: ஸ்ப்ளிட், இங்கேதான் விஷயம்

மொத்த டைமிங் யார் ஜெயித்தார் என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்வது ஸ்ப்ளிட், அதாவது ஒவ்வொரு 50 மீட்டருக்கும் தனித்தனி நேரம். உள்ளூர் மீட்டுகளில் ஸ்ப்ளிட் தரமாட்டார்கள். கேலரியின் உச்சியில், குளத்தின் நடுவுக்கு நேராக யாரையாவது உட்காரவைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஜூம் வேண்டாம், இரண்டு லேனும் ஃபிரேமில் இருக்கட்டும். 2022இல் என் மகள் எடுத்தாள். ஸ்டார்ட் விளக்கு மின்னும் ஃபிரேமிலிருந்து கணக்கு வைத்து, அன்றிரவு உட்கார்ந்து எழுதினேன்.

நான்: 36.10, 41.10. மொத்தம் 1:17.20.
அவர்: 37.00, 38.60. மொத்தம் 1:15.60.

பாதி வழியில் நான் 0.90 முன்னால் இருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது 2.50 விட்டிருக்கிறேன். முதல் 50இல் டைவ் இருப்பதால் இரண்டாவது 50 எல்லோருக்கும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். அவருக்கு அந்தச் சரிவு 1.60, எனக்கு 5.00.

அடுத்து டர்ன். குளத்தின் இரு முனையிலும் சுவரிலிருந்து 5 மீட்டர் வரை லேன் கயிறு வேறு நிறத்தில் இருக்கும், 15 மீட்டரிலும் ஓர் அடையாளம் உண்டு. தலை 5 மீட்டர் நிறத்துக்குள் நுழைவதிலிருந்து, திரும்பி 15 மீட்டர் அடையாளத்தைத் தாண்டுவது வரை நேரத்தை எடுங்கள். எனக்கு 14.8, அவருக்கு 13.9. கிட்டத்தட்ட ஒரு விநாடி சுவரைச் சுற்றியே போயிருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: சுவரை உதைத்த உடனே நான் மூச்சுக்குத் தலையைத் தூக்குகிறேன். அவர் இரண்டு கை (கை வீச்சு) போட்ட பிறகுதான் மூச்சு எடுக்கிறார்.

மிச்சம் ஒன்றரை விநாடி? கை எண்ணிக்கையில் இருந்தது. எனக்கு முதல் 50இல் 44 கை, இரண்டாவதில் 53. அவருக்கு 41, 43. கடைசி 20 மீட்டரில் நான் தண்ணீரைப் பிடிக்கவே இல்லை, கிளறிக்கொண்டிருந்தேன். வேகமாக நீந்துவதாக நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது!

இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான் பட்டது. முதல் 50ஐ 37க்கு அருகில் திறப்பது, டர்னுக்குப் பிறகு இரண்டு கை மூச்சில்லாமல் போடுவது. பயிற்சியில் எட்டு முறை 50, சுவரிலிருந்து உதைத்துக் கிளம்பி, கை எண்ணிக்கை 45ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்தேன். தாண்டினால் அந்த ஐம்பது சேராது, திரும்ப நீந்த வேண்டும். முதல் வாரம் பதினொன்று நீந்தித்தான் எட்டு தேறியது.

படி 7: விநாடியைச் சதவீதமாக்குங்கள்

"ஐம்பதில் 0.70 பின்னால், இருநூறில் 3 விநாடி பின்னால், எனக்கு இருநூறு வராது" என்றார் ஒரு நண்பர். அவருடைய போட்டியாளரின் டைமிங் 50க்கு 33, 200க்கு 2:50. முதலாவதில் இடைவெளி 2.1 சதவீதம், இரண்டாவதில் 1.8. அவருக்கு வருவது இருநூறுதான், பல ஆண்டாக ஐம்பதில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிரிவு மாறிப்போன போட்டியாளரோடு ஒப்பிடவும் சதவீதமே வழி. அவரவர் பிரிவின் உலகச் சாதனையை அவரவர் டைமிங்கால் வகுத்துப் பாருங்கள். கணக்கு புரிய எண்களைச் சும்மா வைத்துக்கொள்வோம்: உங்கள் பிரிவின் சாதனை 24.00, நீங்கள் 32.00 என்றால் 75 சதவீதம். மேல் பிரிவின் சாதனை 26.60, அவர் 33.50 என்றால் 79.4. விநாடியில் நீங்கள் முன்னால், வயதுக்கு அவர் முன்னால். வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் புள்ளிக் கணக்கு இதே விகிதத்தை எடுத்து, மும்மடியாக்கி (0.75 × 0.75 × 0.75 என்பது போல), ஆயிரத்தால் பெருக்குகிறது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 421, அவருக்கு 500. அடிப்படை டைமிங்காக உங்கள் வயதுப் பிரிவின் சாதனையை வைத்துக்கொண்டால், வீட்டிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

சதவீதத்தை ஆண்டு வாரியாக எழுதி வந்தால் இன்னொன்றும் புலப்படும். வயதாக ஆக டைமிங் கூடத்தான் செய்யும். நடுவயதில் அந்தச் சரிவு மெதுவாக இருக்கும், 70ஐத் தாண்டிய பிறகுதான் செங்குத்தாகும். ஆகவே 48இலிருந்து 52க்குள் சட்டென்று 6 சதவீதம் போனால் வயது மேல் பழி போடாதீர்கள். தோளையோ, பயிற்சிக்குப் போகாத நாட்களையோ பாருங்கள். 2020இல் கொரோனாவால் குளங்கள் மூடிக் கிடந்த மாதங்கள் என் நோட்டில் ஒரு பள்ளமாகவே தெரிகின்றன. அது மேடேற இரண்டு ஆண்டு ஆனது.

ஒப்பிட ஆளே இல்லாத நிலையும் வரும். ஜப்பானின் மியெகோ நாகவோகா 80 வயதைத் தொட்ட பிறகு நீச்சலைப் பிடித்தவர். 2015இல் தம் நூறாவது வயதில், 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54.39 விநாடியில் முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தை முடித்தவர் அவருக்கு முன் யாருமில்லை. ரிசல்ட் தாளில் விரல் மேலே ஏற இடமே இல்லை!

படி 8: போய்க் கேளுங்கள்

இதை முதல் படியாகவே வைத்திருக்கலாம், கூச்சம் விடவில்லை. இந்த வயதில் யாரும் ரகசியம் காப்பதில்லை. பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கும் ஆளிடம் "டர்னுக்கு என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டால், டீ ஆறும் வரை பேசுவார். மதுரைக்காரர் வாரத்துக்கு நாலு நாள்தான் நீந்துகிறார் என்பதும், அதில் ஒரு நாள் முழுக்க டர்ன் மட்டும் போடுகிறார் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. வீடியோவில் அவருடைய கை எண்ணிக்கையை எண்ணினேன் என்று சொன்னபோது கொஞ்சம் விழித்தார். அப்புறம் தன் செல்போனைத் திறந்து என்னுடைய ஸ்ப்ளிட்டைக் காட்டினார். 36.2, 41.0 என்று எழுதிவைத்திருந்தார்.

2023இல் அதே பெரிய குளத்தில் 36.90, 39.00 போட்டேன். 1:15.90. காட்ட ஆளில்லை, அவர் ஜனவரியிலேயே 50–54க்குப் போய்விட்டார். 2026இல் நானும் அங்கே வருகிறேன், 2027 வரை அவர் அங்கேதான். போன வாரம் போன் செய்தார். சௌக்கியம் விசாரித்துவிட்டு, "இப்ப எத்தனை கை சார் ஆகுது, ரெண்டாவது அம்பதுக்கு?" என்றார். நாற்பத்தாறு என்றேன். நாற்பத்தைந்துதான் ஆகிறது.